எல்.எஸ்.யூ. 2018-ல் 10-3, 2019-ல் 15-0: அதே கோச், அதே குவாட்டர்பேக். அப்படி என்ன மாறிச்சு?

டெத்வேலி_மாலை (கேள்வி)

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலை நுணுக்கமாப் பார்க்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. லூசியானா ஸ்டேட் (எல்.எஸ்.யூ.) அணியோட 2019 சீசனை முதல் ஆட்டத்துல இருந்து வரிசையா மறுபடி பார்த்துக்கிட்டு இருக்கேன். எண்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்சா நம்பவே முடியல.

குவாட்டர்பேக் (பந்தை எறியுறவர்) ஜோ பர்ரோ 2018-ல எறிஞ்ச பாஸ்ல 57.8 சதவீதம் சேர்ந்துச்சு, 2,894 யார்டு, 16 டச்டவுன். அடுத்த வருஷம் 76.3 சதவீதம், 5,671 யார்டு, 60 டச்டவுன், வெறும் 6 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடிச்ச பாஸ்). ஹெட் கோச் எட் ஓர்ஜரோன் மாறல. அஃபென்ஸ் (பந்து வெச்சு ஆடுற பக்கம்) கோஆர்டினேட்டர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர் மாறல. ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன், டெரஸ் மார்ஷல், கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் எல்லாருமே 2018 அணியிலயும் இருந்தவங்கதான். அந்த அணி சொந்த மைதானத்துலயே அலபாமாகிட்ட 29-0ன்னு தோத்துச்சு. ஒரு வருஷம் கழிச்சு அலபாமாவோட ஊரான டஸ்கலூசாவுக்கே போய் 46-41ன்னு ஜெயிச்சாங்க.

எங்க தேடினாலும் "ஜோ பிரேடி வந்தார், எல்லாம் மாறிடுச்சு"ன்னு, 2019-ல புதுசா சேர்ந்த உதவிக் கோச் பத்தி ஒரே வரிதான் கிடைக்குது. எனக்கு வேண்டியது மைதானத்துல கண்ணால பார்க்கக்கூடிய மாற்றம். ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால கொடுத்து ஆட்டம் தொடங்குற நொடி) முன்னாடி எதைக் கவனிக்கணும்? அப்புறம், மத்த எல்லா ஆட்டத்துலயும் 36-க்குக் குறையாம அடிச்ச அணி, ஆபர்ன்கிட்ட மட்டும் ஏன் 23-ல நின்னுச்சு?

ஆறாவது_ஆள்

கண்ணுக்குத் தெரியும் முதல் மாற்றம் எண்ணிக்கைதான். பாஸ் ஆட்டத்தில் எத்தனை பேர் தடுக்கிறார்கள், எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே பாருங்கள்.

குவாட்டர்பேக்கைத் தவிர பாஸ் பிடிக்கத் தகுதி உள்ளவர்கள் ஐந்து பேர். 2018-இல் எல்.எஸ்.யூ. அவர்களில் ஒருவரையோ இருவரையோ தடுப்புக்கு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் உள்ள அணி. டைட் எண்ட் (முன்வரிசை ஓரத்தில் நிற்பவர்) நிற்பார், அல்லது ரன்னிங் பேக் (பந்தை வாங்கி ஓடுபவர்) நிற்பார். அப்போது ரூட் (பாஸ் பிடிக்க வகுத்த பாதை) ஓடுவது மூன்று, நான்கு பேர். எதிரணி நாலு பேரை மட்டும் குவாட்டர்பேக் மேல் பாய விட்டு ஏழு பேரைப் பின்னால் வைத்தால், மூன்று ரிசீவருக்கு ஏழு காவல். சேஸைப் போன்ற ஒருவரே ஓடினாலும் மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று மூடிவிடலாம்.

2019-இல் முன்வரிசையின் ஐந்து லைன்மேன் மட்டும் தடுத்தார்கள். மற்ற ஐவரும் ஓடினார்கள். பிரேடி 2017, 2018 இரண்டு வருடமும் என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) அணியான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸில் ஷான் பேட்டனின் கீழ் உதவியாளராக இருந்தவர். அங்கே ரன்னிங் பேக்கை ரிசீவராகவே நடத்துவார்கள். அந்தக் கணக்கு இங்கே வந்ததும் எதிரணிக்கு அதே ஏழு பேர்தான், ஆனால் காக்க வேண்டியது ஐந்து பேரை. மிஞ்சுவது இரண்டே ஆள். அந்த இருவரையும் சேஸ் பக்கமும் ஜெஃபர்சன் பக்கமும் அனுப்பினால் ரன்னிங் பேக் எட்வர்ட்ஸ்-ஹெலேர் ஒரு லைன்பேக்கரோடு (டிஃபென்ஸ் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) தனியாக நிற்பார். அந்த சீசனில் அவர் பிடித்த பாஸ் 55. ரன்னிங் பேக்குக்கு அது சாதாரண எண் கிடையாது.

இரண்டாவதாக, ஆட்களை மாற்றாமல் ஆடியதைக் கவனியுங்கள். மூன்று வைட் ரிசீவர், ஒரு டைட் எண்ட், ஒரு ரன்னிங் பேக்: பெரும்பாலும் அதே ஐவர். கல்லூரி விதிப்படி அஃபென்ஸ் ஆள் மாற்றினால், டிஃபென்ஸும் மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுத்தாக வேண்டும். மாற்றாவிட்டால் அந்த அவகாசம் கிடையாது. ரன்னைத் தடுக்க வந்த கனமான லைன்பேக்கர் அடுத்த ஸ்னாப்பில் வெளியே ஓடும் ரன்னிங் பேக்கைத் துரத்த வேண்டிவரும். தாடியஸ் மாஸ் இதற்குச் சரியான டைட் எண்ட். லைனில் நின்று தடுக்கவும் தெரியும், பிடிக்கவும் தெரியும். அதனால் அவர் மைதானத்தில் நிற்பதை வைத்து ரன்னா பாஸா என்று ஊகிக்க முடியாது.

ஸ்னாப்புக்கு முன் பார்க்க வேண்டியது ரன்னிங் பேக்கின் நகர்வு. பர்ரோவின் பக்கத்தில் நிற்பவர் திடீரென்று வெளிக்கோட்டுப் பக்கம் நடப்பார். கூடவே ஒரு லைன்பேக்கர் போனால் அது மேன் கவரேஜ் (ஆளுக்கு ஆள் காவல்). உள்ளே யாரும் அசையாமல், வெளியே நிற்கும் காவலரான கார்னர்பேக்கே அவரைப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஸோன் (இடத்துக்குக் காவல்). பர்ரோவுக்கு அந்த ஒரு நகர்வே பாதி விடையைக் கொடுத்துவிடும். மேன் என்றால் உள்ளே ஜெஃபர்சனோ டைட் எண்டோ லைன்பேக்கருக்கு எதிரே நிற்பார்கள், பந்து அங்கே போகும். ஜெஃபர்சன் 2018-இல் வெளிப்பக்கம் ஆடியவர். 2019-இல் ஸ்லாட்டுக்கு (லைனுக்கும் வெளி ரிசீவருக்கும் இடைப்பட்ட இடம்) உள்ளே கொண்டுவந்தார்கள். 111 பாஸ், 1,540 யார்டு, 18 டச்டவுன் அங்கிருந்து வந்ததுதான்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஐந்து பேர் தடுக்கும்போது ஆறாவது ஆள் பாய்ந்தால் அவரைத் தடுக்க யாருமே இல்லை. லைன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஒருவர் சும்மா நுழைவார். அவரைச் சமாளிப்பது குவாட்டர்பேக்கின் பொறுப்பு: அவர் எங்கிருந்து வருவார் என்று முன்பே கண்டு, அவர் காலி செய்துவிட்டு வந்த இடத்துக்குப் பந்தை எறிந்துவிட வேண்டும். அரை நொடி தாமதித்தால் சேக் (எறியும் முன்பே குவாட்டர்பேக்கை வீழ்த்துவது). தவறான பக்கம் பார்த்திருந்தால் பந்தே கைநழுவும். இந்த முறையை நகலெடுத்த பல அணிகள் விழுந்தது இந்த இடத்தில்தான். ரிசீவர்கள் பற்றாமல் போனதால் விழுந்தவர்கள் குறைவு.

செப்டம்பர் 7, டெக்சஸ் ஆட்டத்தின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். 37-31 முன்னிலை, மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரம், மூன்றாவது டவுனில் (நாலு முயற்சிகளில் மூன்றாவது) 17 யார்டு தேவை. பழைய எல்.எஸ்.யூ. அங்கே பந்தைக் கையில் கொடுத்து ஓடவிட்டு, கடிகாரத்தைக் கரைத்து, பண்ட் (பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுப்பது) அடித்திருக்கும். இவர்கள் பாஸ் ஆடினார்கள். டெக்சஸ் பிளிட்ஸ் (வழக்கத்தைவிட அதிகம் பேர் பாய்வது) அனுப்பியது. பர்ரோ நெருங்கியவர்களிடமிருந்து நகர்ந்து ஜெஃபர்சனுக்கு எறிந்தார். 61 யார்டு டச்டவுன். கடைசியில் 45-38. அந்த ஒரு ஆட்டத்தில் மட்டும் 471 யார்டு. அந்த மூன்றாவது டவுனைத்தான் சீசனின் திறவுகோல் என்பேன்.

ஹேஷ்மார்க்

மேலே சொன்னதோட எனக்குச் சண்டை இல்ல. ஆனா ரெண்டு விஷயம் சேர்க்கணும். ஒண்ணு பர்ரோவோட நாள்காட்டி, இன்னொண்ணு விதிப்புத்தகம்.

பர்ரோ ஒஹாயோ ஸ்டேட்ல பட்டம் முடிச்சுட்டு, 2018 மே மாசம்தான் எல்.எஸ்.யூ. வந்தார். பட்டம் வாங்கினவர்ங்கிறதால ஒரு வருஷம் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாம உடனே ஆட முடிஞ்சது. ஆனா வசந்தகாலப் பயிற்சி அதுக்குள்ள முடிஞ்சு போச்சு. கல்லூரி அணிகளுக்கு அதுல 15 நாள் பயிற்சி கிடைக்கும். புது ஆட்ட முறையை உட்கார வைக்கிற நேரமே அதுதான். அது இல்லாமலேயே ஆகஸ்ட்ல இறங்கி, செப்டம்பர்ல ஆட ஆரம்பிச்சவரோட எண்தான் 57.8. 2019-ல அந்த 15 நாளும், அதுக்கப்புறம் கோடை முழுக்க அதே ரிசீவர்களோட எறிஞ்சு பழகுற வாய்ப்பும் கிடைச்சுது. பிரேடி வந்ததும் அதே வசந்தத்துக்கு முன்னாடிதான். ரெண்டும் ஒண்ணா நடந்ததால ஒண்ணுக்கு மட்டும் பேர் போயிடுச்சு. அடுத்து எந்த ஆட்டம் ஆடணும்னு முடிவு பண்ற வேலையில கடைசி வரைக்கும் என்ஸ்மிங்கர் கை இருந்துச்சுங்கிறதையும் மறக்கக் கூடாது. ரெண்டு பேரும் மேல பூத்துல உட்கார்ந்து சேர்ந்து செஞ்ச வேலை அது.

இப்ப விதி. கல்லூரி மைதானத்தோட அகலம் 160 அடி. ஒவ்வொரு ஆட்டமும் தொடங்குற எல்லையைக் காட்டுற ஹேஷ் கோடு ரெண்டுக்கும் நடுவுல 40 அடி. பந்து ஒரு ஹேஷ்ல இருந்தா, ஒரு பக்கம் 60 அடி, இன்னொரு பக்கம் 100 அடி. என்.எஃப்.எல்.-ல ஹேஷ் இடைவெளி 18 அடி 6 அங்குலம்தான், அதனால ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். அஞ்சு பேரையும் வெளிய அனுப்புற முறை என்.எஃப்.எல்.-ல இருந்து வந்தாலும், அந்த 100 அடிப் பக்கம் கல்லூரியில மட்டும்தான் கிடைக்கும். அகலமான பக்கத்துல மூணு பேரை வெச்சா, டிஃபென்ஸ் அங்க ஆள் அனுப்பியே ஆகணும். அனுப்பினா குறுகின பக்கம் சேஸும் ஒரு கார்னரும் மட்டும் தனியா நிப்பாங்க. சேஸோட 1,780 யார்டுல எத்தனை பாஸ் குறுகின பக்கத்து ஓரக்கோட்டுல, கார்னரோட முதுகுக்குப் பின்னால விழுந்த பாஸ்னு எண்ணிப் பாருங்க. கல்லூரியில ஒரு கால் உள்ள பட்டாலே கேட்ச் செல்லும்ங்கிறதும் அங்க கைகொடுக்குது.

ஆர்.பி.ஓ.வும் (ரன்னா பாஸான்னு குவாட்டர்பேக் ஸ்னாப்புக்கு அப்புறம் முடிவெடுக்கிற ஆட்டம்) அப்படித்தான். லைன்மேன் அஞ்சு பேரும் ரன்னுக்குத் தடுக்கிற மாதிரியே முன்னால போவாங்க; குவாட்டர்பேக் ஒரே ஒரு டிஃபெண்டரை மட்டும் பார்ப்பார். அவர் ரன்னைத் தடுக்க உள்ள வந்தா, அவர் விட்டுட்டு வந்த இடத்துல ஸ்லான்ட் (சாய்வா உள்ள ஓடுறவருக்கு) பாஸ். வரலைன்னா பந்து எட்வர்ட்ஸ்-ஹெலேர் கையில. கல்லூரியில லைன்மேன் 3 யார்டு வரைக்கும் முன்னால போகலாம், என்.எஃப்.எல்.-ல 1 யார்டுதான். அந்த 2 யார்டு வித்தியாசம்தான் குவாட்டர்பேக்குக்குப் பார்த்து முடிவெடுக்க நேரம் தருது. தப்பு நடக்கிறதும் அங்கதான்: முடிவு தாமதமானா லைன்மேன் 3 யார்டைத் தாண்டிடுவாங்க, நடுவரோட கொடி விழும், 5 யார்டு பின்னால. பிரேடி செயின்ட்ஸுக்கு முன்னாடி பென் ஸ்டேட்ல ஜோ மூர்ஹெட் காலத்துல இருந்தவர்; ஆர்.பி.ஓ. அங்க அன்றாட உணவு மாதிரி. அந்தப் பாதியை எல்லாரும் விட்டுட்டு, செயின்ட்ஸை மட்டும் சொல்றாங்க.

நிக்கல்_சேஃப்டி

ஆபர்ன் கேள்விக்கு வருகிறேன், அக்டோபர் 26, 23-20.

ஆபர்ன் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் கெவின் ஸ்டீல் அன்று நிறுத்தியது 3-1-7 அமைப்பு. முன்னால் மூன்று லைன்மேன், ஒரே லைன்பேக்கர், பின்னால் ஏழு டிஃபென்சிவ் பேக் (பாஸைக் காக்கும் பின்வரிசை ஆட்கள்). மூன்று பேர் மட்டும் பாய்ந்து எட்டுப் பேர் பின்வாங்கினால் ஐந்து ரிசீவருக்கு எட்டுக் காவல். மேலே ஆறாவது ஆள் சொன்ன கணக்கு அங்கே உடைகிறது. மிஞ்சுவது இரண்டு பேர் அல்ல, மூன்று பேர். அதோடு ரன்னிங் பேக்கைக் காக்க லைன்பேக்கர் வரமாட்டார், ஆழத்தில் நிற்கும் வேகமான சேஃப்டி வருவார்.

இதற்கு மருந்து ரன். உள்ளே நிற்பது நாலு அல்லது ஐந்து பேர், தடுக்க லைன்மேன் ஐவர் இருக்கிறார்கள். எல்.எஸ்.யூ. அதைத்தான் செய்தது, எட்வர்ட்ஸ்-ஹெலேர் 136 யார்டு ஓடினார். பிறகு ஏன் 23 மட்டும்? எல்லா அணியிடமும் டெரிக் பிரவுன், மார்லன் டேவிட்சன் போன்ற லைன்மேன்கள் கிடையாது. பிரவுனைத் தடுக்கவே இரண்டு பேர் தேவைப்பட்டபோது ஐந்துக்கு நாலு என்ற கணக்கு சமமாகிவிடுகிறது. இன்னொன்று, எண்ட் ஸோனுக்குப் பக்கத்தில் போகப்போக மைதானம் சுருங்கும். எட்டுப் பேர் 20 யார்டு ஆழத்துக்குள் நின்றால் எறிய இடமே இருக்காது. யார்டுகள் வந்தன, புள்ளிகள் வரவில்லை.

ஆனால் இந்த முறையைப் பார்த்து நகலெடுப்பது எளிது என்று நினைத்தால் தவறு. மூன்று பேர் பாய்ந்தால் குவாட்டர்பேக்குக்கு நேரம் கிடைக்கும். நாலு நொடி, ஐந்து நொடி சேஸையும் ஜெஃபர்சனையும் யாரும் காக்க முடியாது. அதைச் செய்து தப்பிக்க முன்வரிசை மூவரும் ஆபர்ன் மூவரைப் போல இருக்க வேண்டும். ஓக்லஹோமாவிடம் அப்படி யாரும் இல்லை. அரையிறுதியில் முதல் பாதியிலேயே பர்ரோ 7 டச்டவுன் பாஸ் எறிந்தார், அதில் நாலு ஜெஃபர்சனுக்கு. முடிவு 63-28.

டெத்வேலி_மாலை

ரொம்ப நன்றி, இதைத்தான் தேடினேன். இந்தக் கண்ணோட்டத்தோட அலபாமா ஆட்டத்தை மறுபடி பார்த்தா, எட்வர்ட்ஸ்-ஹெலேர் நகரும்போது லைன்பேக்கர் கூடவே போறது அத்தனை தெளிவாத் தெரியுது. ரெண்டு சந்தேகம் மிச்சம் இருக்கு. ஒலே மிஸ்கிட்ட 37 புள்ளி விட்ட டிஃபென்ஸ் எப்படி ஜார்ஜியாவை 10-ல நிறுத்திச்சு? அப்புறம், சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்துல கிளெம்சன் முதல்ல 17-7ன்னு முன்னால இருந்தாங்களே, அவங்க செஞ்சதும் ஆபர்ன் செஞ்சதும் ஒண்ணுதானா?

நிக்கல்_சேஃப்டி

டிஃபென்ஸைப் பற்றி முதலில். ஒலே மிஸ் ஆட்டம் நவம்பர் 16, 58-37. ஒலே மிஸ் 402 யார்டு ஓடியது. அதில் 212 குவாட்டர்பேக் ஜான் ரைஸ் பிளம்லி ஒருவரே. அன்று நடந்தது எளிமையான விஷயம்: ஓடும் குவாட்டர்பேக்குக்கு எதிராக வெளி விளிம்பைக் காக்க வேண்டியவர் ரன்னிங் பேக்கை நோக்கி உள்ளே வந்துவிட்டார், பின்னால் இருந்த சேஃப்டி தொட்டும் பிடிக்கவில்லை. அஃபென்ஸ் சீக்கிரம் புள்ளி எடுத்துவிட்டு வந்துவிடுவதால் டிஃபென்ஸ் மைதானத்தில் நிற்கும் நேரமும் கூடும். சேஃப்டி கிராண்ட் டெல்பிட் அந்தக் காலகட்டத்தில் கணுக்கால் வலியோடு ஆடினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் சரியானதும் பின்வரிசை முழுவதும் மாறியது. டெக்சஸ் ஏ அண்ட் எம் 7, ஜார்ஜியா 10. அட்லாண்டாவில் ஜார்ஜியாவோடு நடந்த அந்த எஸ்.இ.சி. (எல்.எஸ்.யூ. ஆடும் பிரிவு) இறுதி ஆட்டத்தில் முதலாண்டு கார்னர் டெரிக் ஸ்டிங்லி இரண்டு இன்டர்செப்ஷன் எடுத்தார். சிறந்த டிஃபென்சிவ் பேக்குக்கான ஜிம் தார்ப் விருது அந்த வருடம் டெல்பிட்டுக்குப் போனது.

எல்.எஸ்.யூ. டிஃபென்ஸ் கோஆர்டினேட்டராக இருந்த டேவ் அராண்டாவின் கைவண்ணம் ஒன்றை மட்டும் சொல்கிறேன், தெரிந்துகொண்டால் அவருடைய டிஃபென்ஸை எங்கே பார்த்தாலும் அடையாளம் காணலாம். பாய்வது நாலு பேர்தான், ஆனால் யார் அந்த நாலு பேர் என்பது ஸ்னாப் வரை தெரியாது. ஒரு லைன்பேக்கரோ சேஃப்டியோ பாய்வார், அதற்குப் பதில் லைனில் நின்ற ஒருவர் பின்வாங்கிப் பாஸ் காப்பார். தடுப்பவர்களுக்குப் பிளிட்ஸ் மாதிரி தெரியும். பின்னால் ஏழு பேர் குறையாமல் இருப்பார்கள். கிளெம்சன் இறுதி ஆட்டத்தில் மூன்றாவது டவுனில் 11 முயற்சியில் ஒரே ஒரு முறைதான் வென்றது. அவர்களின் குவாட்டர்பேக் டிரெவர் லாரன்ஸ் 37 பாஸில் 18 மட்டுமே சேர்த்தார். அன்று எல்.எஸ்.யூ. எடுத்த 42 புள்ளியைப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆறாவது_ஆள்

கிளெம்சன் கேள்விக்கு நான் பதில் தருகிறேன். முழுவதும் ஆபர்ன் மாதிரி இல்லை. கிளெம்சன் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டராக இருந்த பிரென்ட் வெனபிள்ஸ் பின்னால் மூன்று சேஃப்டிகளை நிறுத்தினார். ஆழத்தை மூடி, பாய்கிறவர்களை ஒவ்வொரு முறையும் வேறு இடத்திலிருந்து அனுப்பினார். பர்ரோ ஸ்னாப்புக்கு முன் பார்த்ததும் ஸ்னாப்புக்குப் பின் நடந்ததும் வேறு வேறாக இருந்தன. எல்.எஸ்.யூ.வின் ஆரம்ப டிரைவ்கள் (பந்து கையில் இருக்கும் தொடர் ஆட்டங்கள்) பண்ட்டில் முடிந்தது அதனால்தான். சொந்த எண்ட் ஸோனுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு ஆட வேண்டிய நிலையும் சேர்ந்தது.

அதற்கு எல்.எஸ்.யூ. கண்ட விடையை இரண்டாவது குவார்ட்டரில் பார்க்கலாம். 17-7 ஆனபின் மூன்று டிரைவ்: 75 யார்டு, 87 யார்டு, 95 யார்டு. மூன்றும் டச்டவுன். சேஃப்டிகள் நடுவில் குவிந்ததால் கார்னர் ஏ.ஜே. டெரல் சேஸோடு தனியாக விடப்பட்டார். பர்ரோ நடுவைத் தேடுவதை விட்டு அந்தப் பக்கம் எறிந்துகொண்டே இருந்தார். சேஸுக்கு அன்று 9 பாஸில் 221 யார்டு. ரிசீவர்களைத் துரத்திக்கொண்டு டிஃபென்ஸ் பின்னால் போனபோது முன்னால் திறந்த வழியில் பர்ரோவே ஓடினார்; 58 யார்டு. பாதி நேரத்தில் 28-17. மூன்றாவது குவார்ட்டரில் 28-25 என்று நெருங்கியபோது கிளெம்சன் லைன்பேக்கர் ஜேம்ஸ் ஸ்கால்ஸ்கி தலையால் மோதிய குற்றத்துக்காக வெளியேற்றப்பட்டார். டிஃபென்ஸை நின்ற இடத்திலிருந்து ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் அவர். அதற்குப் பின் மாஸ், மார்ஷல் இருவருக்கும் பாஸ், 42-25.

மறுபடி பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. டிவி கேமரா பக்கவாட்டில் இருப்பதால் சேஃப்டிகள் சட்டத்துக்கு வெளியே போய்விடுவார்கள். குவாட்டர்பேக்கின் பின்னால் இருந்து காட்டும் ரீப்ளே வரும்போதெல்லாம் நிறுத்தி, ஸ்னாப்புக்கு முன் ஆழத்தில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒருவரா, இருவரா, மூவரா. பிறகு ஓடவிட்டு, பாய்ந்தவர்களை எண்ணுங்கள். ஒரு ஆட்டத்துக்கு இருபது ஸ்னாப் செய்தால் போதும். வரிசை டெக்சஸ், ஆபர்ன், அலபாமா, கிளெம்சன் என்று இருக்கட்டும். அலபாமா ஆட்டத்தில் முதல் பாதி முடிய 6 நொடி இருக்கும்போது எட்வர்ட்ஸ்-ஹெலேர் பிடித்த 13 யார்டு டச்டவுனை மட்டும் நாலைந்து முறை பாருங்கள், 33-13 ஆன இடம்.

ஹேஷ்மார்க்

ஒரு சின்னச் சேர்க்கை. பர்ரோவுக்கு எறிய நேரம் வாங்கிக் கொடுத்தது லைன். நாட்டுலயே சிறந்த அஃபென்ஸ் லைனுக்கான ஜோ மூர் விருது அந்த வருஷம் எல்.எஸ்.யூ.வுக்குத்தான் போச்சு. இத்தனைக்கும் லெஃப்ட் டேக்கிள் (லைனோட இடது ஓரத்து ஆள்) சாடிக் சார்ல்ஸ் பல ஆட்டங்கள் ஆடல. நடுவுல சென்டர் லாயிட் குஷன்பெரி ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் முன்னாடி கையை நீட்டி யாரையோ காட்டுவார் பாருங்க, அதுதான் தடுப்போட மையப்புள்ளி. அவர் காட்டுற ஆளை வெச்சுத்தான் அஞ்சு பேரும் யார் யாரை எடுக்கணும்னு பிரிச்சுக்குவாங்க. அந்த எண்ணிக்கைக்கு வெளிய நிக்கிறவர்தான் பர்ரோவோட பொறுப்பு. குஷன்பெரியோட விரலைப் பார்த்துட்டு, யார் மிஞ்சுறாங்கன்னு நீங்களே சொல்லிப் பாருங்க. பந்து பெரும்பாலும் அவர் விட்டுட்டு வந்த இடத்துக்குத்தான் போகும்.